நீலக்கோட்டுக்கு மேலே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போர் நீர்மூழ்கிகளைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பத்து வயதில் என்னைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடாத ஒரு படம் நினைவுக்கு வந்தது.

பள்ளி நூலகத்தில் அட்டை போன புத்தகம் ஒன்று இருந்தது. அதன் நடுப்பக்கத்தில், ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றை நெடுக்காக அறுத்து வைத்ததுபோல் ஒரு படம். முன்பக்கம், நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் வெடிகுண்டான டார்பிடோவை ஏவும் குழாய்கள். அவற்றை ஒட்டி, டார்பிடோக்களுக்கு மேலேயே மாலுமிகளின் படுக்கை. நடுவில் பெரிஸ்கோப், பின்னால் டீசல் இன்ஜின். எண்ணெய் தடவிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் படியெடுத்தேன். தாள் நகர்ந்துவிட்டதில் பெரிஸ்கோப் கொஞ்சம் சாய்ந்துபோயிற்று. அந்தத் தாள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எப்போதும் நீருக்கடியிலேயே திரியும் கப்பல் என்று நினைத்திருந்தேன். அன்றைய நீர்மூழ்கி அப்படியில்லை, தேவைப்பட்டால் மூழ்கத் தெரிந்த கப்பல், அவ்வளவுதான். ஜெர்மானியர்கள் மிக அதிகமாகக் கட்டிய ஏழாம் வகையின் நீளம் 67 மீட்டர். கடலின் மேலே டீசலில் மணிக்கு 17 கடல்மைல் ஓடும். உள்ளே போனால் பேட்டரிதான். 4 கடல்மைல் வேகத்தில் ஊர்ந்தாலும் 80 கடல்மைலுக்குள் தீர்ந்துவிடும். மேலே வந்துதான் சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரியின் விமானங்களும் ரேடாரும் அந்த மேல்பரப்பையும் எடுத்துக்கொண்டபோது போக்கிடமில்லை. 1943 மே மாதத்தில் மட்டும் 40க்கு மேற்பட்ட நீர்மூழ்கிகள் அழிந்தன. போர் முழுவதையும் கணக்கிட்டால், நீர்மூழ்கிகளில் சென்ற ஜெர்மன் வீரர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் திரும்பவில்லை. உங்கள் கட்டுரையாளர் இதையெல்லாம் நன்றாகவே சொல்லியிருக்கிறார்.

என் குறை வேறு. அந்தப் படத்தில் கடல்மட்டம் ஒரு நீலக்கோடு. கோட்டுக்கு மேலே வெறும் வெள்ளைத்தாள். கட்டுரையிலும் மூழ்கிய கப்பல்களின் எண்ணிக்கை இருக்கிறது, டன் கணக்கு இருக்கிறது, அந்தக் கப்பல்களில் இருந்த மனிதர்கள் இல்லை. நானும் பல வருடம் இதைக் கேட்காமலேயே படித்தவன்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

1940 செப்டம்பர் 17 இரவு, அட்லாண்டிக்கில் 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்ற கப்பலை யு-48 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பிரிட்டன் கனடாவுக்கு அனுப்பிய 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். 77 பேர் இறந்தார்கள். கப்பல் ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்; அவர்களிலும் ஏராளமானோர் மடிந்தார்கள்.

46 பேரோடு ஒரு படகு மட்டும் எட்டு நாள் கடலில் கிடந்தது. அதில் ஆறு சிறுவர்கள். குழந்தைகளுக்குத் துணையாகச் சென்ற மேரி கார்னிஷ் என்ற பியானோ ஆசிரியை, விறைத்துப்போன அவர்களுடைய கால்களைத் தேய்த்துவிட்டார், நாள்தோறும் சாகசக் கதை சொன்னார். குளிரிலும் தாகத்திலும் அந்தப் பையன்கள் அடுத்த பகுதியைக் கேட்டார்களாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நூலக மூலையில் உட்கார்ந்து ஆசை ஆசையாகப் படம் வரைந்த அதே வயதுப் பிள்ளைகள்.

அந்தப் படகில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்திய மாலுமிகள். ஆசிரியையைப் பற்றியும் சிறுவர்களைப் பற்றியும் நிறையப் படித்துவிட்டேன். நான் பார்த்தவரையில் அந்த மாலுமிகளுக்கு ஒரு பத்திக்கு மேல் யாரும் ஒதுக்கவில்லை. அவர்களைப் பற்றி உங்கள் இதழில் ஒரு தனிக் கட்டுரை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்