பதின்மூன்று நாள்

பாபா,

நாளை ஜனவரி 6. நீங்கள் இல்லாமல் வரும் முதல் ஸ்வியாத் வேச்சிர், உங்கள் உக்ரேனியக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. உங்கள் மாடியில் குடியிருந்த எனக்கும் நீங்கள் பாபாதான், பாட்டிதான். உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில்தான் எழுதுகிறேன். ஆனாலும் உங்கள் பிள்ளைகள் யாரையாவது வைத்து மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளலாம். அதனால் வீட்டை விற்ற விஷயத்துக்குள் போகவில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம்.

எனக்கு அந்த மேசைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. விரிப்புக்கு அடியில் வைக்கோல். இறைச்சி படாத பன்னிரண்டு பதார்த்தம். கோதுமையும் கசகசாவும் தேனும் கலந்த குத்யா. போய்ச் சேர்ந்தவர்களுக்கென்று காலியாக ஒரு தட்டு. என் பெண் ஓடிப்போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் திகைத்து நிற்க, நீங்கள் சிரித்தபடி அந்தத் தட்டில் முதல் கரண்டி குத்யாவை வைத்தீர்கள். "அவங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, சாப்பிடு" என்றீர்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் பெயரை அவள் மொழியில் எழுதிக் காட்டச் சொன்னீர்கள். அவள் இங்கிலீஷில் எழுதினாள். அத்தனை பேர் முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். வருஷக்கணக்கில் சனிக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நான் சனிக்கிழமையும் வேலைக்குப் போனவள். அது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கோபத்தில்தான், "பதின்மூன்று நாளுக்காகத் தேவாலயத்தையே இரண்டாக்கினவங்க நீங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸை ஜனவரி 7-லிருந்து டிசம்பர் 25-க்கு மாற்றும் புதிய நாள்காட்டி வேண்டாமென்று 1968-ல் நிக்கோலஸ் பேராலயத்திலிருந்து பிரிந்துபோய், அதே ஓக்லி தெருவில் வொலோதிமிர்-ஓல்ஹா தேவாலயத்தைக் கட்டியது எனக்கு வெறும் வீம்பாகத் தெரிந்தது. உங்கள் ஊரில் சோவியத் அரசு 1946-லேயே உங்கள் திருச்சபையை ஒழித்துக்கட்டியது என்பதை அப்புறம்தான் படித்தேன். அங்கே பூட்டியதை இங்கே சிகாகோவில் தேதி பிசகாமல் காப்பாற்றி வந்திருக்கிறீர்கள். கடைசியில் 2023-ல், மாஸ்கோவின் தேதி நமக்கு வேண்டாம் என்று உக்ரைனே டிசம்பர் 25-க்கு மாறிவிட்டது. அந்தச் செய்தி வந்த இரவு, வெகுநேரம் உங்கள் சமையலறை வெளிச்சம் பின்முற்றத்தில் விழுந்துகிடந்தது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கி வரவில்லை.

நீங்களும்தான் ஏறி வரவில்லை. பெரியவர் நீங்கள். ஒரு தடவை கதவைத் தட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

வாடகை கட்டுப்படியாகாமல் நாங்களும் புறநகருக்கு வந்துவிட்டோம். இங்கே சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கிறது. இவள் போகிறாள், அழுதுகொண்டேதான்.

கோதுமையை ஊறப்போட்டிருக்கிறேன். கசகசா அரைக்க உங்கள் மண்சட்டி இல்லை, மிக்சியில்தான் அரைக்க வேண்டும். டிசம்பரிலேயே செய்திருக்கலாமே என்று இவள் கேட்டாள். இல்லை, பாபா வீட்டில் ஆறாம் தேதிதான் என்றேன்.