மெமோ வேறு, டிஸ்மிஸ் வேறு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசிக்கொண்டே குட்டிக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தாய். "இம்பீச்மென்ட்டுன்னா பதவி நீக்கம்டி" என்றது காதில் விழுந்தது. உடனே அவள், "அப்போ கிளிண்டன் எப்படிம்மா கடைசி வரைக்கும் வெள்ளை மாளிகையில இருந்தார்?" என்று கேட்டாள். நீ பேச்சை மாற்றிவிட்டாய். தப்பு உன் மேல் இல்லை. அப்படி எழுதி எழுதிப் பழக்கியது எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள்தான்.

1998 டிசம்பர் 19, சனிக்கிழமை, எனக்கு நைட் ஷிஃப்ட். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் அதிபர் கிளிண்டன் மீது ஓட்டெடுப்பு நடந்தபோது இங்கே நள்ளிரவு. அச்சுக்குப் போகிற அவசரத்தில் "கிளிண்டன் பதவி நீக்கம்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு எழுதி வைத்தேன். எதிர் மேசைப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தார். "ஏம்ப்பா, ஆளை டிஸ்மிஸ் பண்ணிட்டாங்களா, இல்ல மெமோ குடுத்திருக்காங்களா?"

அவ்வளவுதான் விஷயம். இம்பீச்மென்ட் என்று பிரதிநிதிகள் சபை கொடுப்பது மெமோ, அதாவது குற்றச்சாட்டு. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். விசாரித்து ஆளை அனுப்புவது மேலவையான செனட். அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கிளிண்டனுக்கு எதிராக 67 ஓட்டு தேவைப்பட்டது. 1999 பிப்ரவரியில் ஒரு குற்றச்சாட்டுக்கு 45, இன்னொன்றுக்கு 50தான் விழுந்தன.

எனக்குப் பிடித்த கதை ஆண்ட்ரூ ஜான்சனுடையது. லிங்கன் கொலைக்குப் பிறகு அதிபர் நாற்காலிக்கு வந்தவர். தன் போர்த்துறை அமைச்சரை டிஸ்மிஸ் செய்யப் போய், தானே மெமோ வாங்கிக்கொண்டார். 1868-ல் செனட்டில் 36 ஓட்டு வேண்டிய இடத்தில் 35 விழுந்தது. ஒரே ஓட்டில் தப்பினார்! டிரம்ப்புக்கு 2019-லும் 2021-லும் இரண்டு மெமோ. ஆக மூன்று பேர், நான்கு மெமோ, ஒரு டிஸ்மிஸ்கூட இல்லை. நிக்சனையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள், சேர்க்கக் கூடாது. சபை ஓட்டுப் போடும் முன்பே, 1974 ஆகஸ்டில் ராஜினாமா செய்துவிட்டார். மெமோ வாங்காதவர்தான் வீட்டுக்குப் போனார்.

அன்றைக்குத் தலைப்பை "கிளிண்டன் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டு" என்று மாற்றினேன். அது அடங்காமல் எழுத்தைச் சிறிதாக்கவேண்டி வந்தது. பக்கம் கட்டியவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

குட்டிக்கு மெமோ புரியாது. பிரின்சிபால் அறைக்கு அனுப்புவார்களே, அதைச் சொல்லு. டி.சி. கொடுப்பதா வேண்டாமா என்பது அப்புறம்.

அடுத்து லேம் டக் என்று கேட்டு வருவாள். நொண்டி வாத்து என்று மட்டும் சொல்லிவைக்காதே. நவம்பர் தேர்தலில் தோற்ற அதிபரோ, பதவிக்காலம் முடிகிறவரோ ஜனவரி 20 வரை பெட்டி கட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாரே, அவர்தான். 1933-ல் அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் அந்த இழுபறி மார்ச் 4 வரை நீண்டது.

அப்பா