எந்த மருந்தோடும் சாப்பிடலாம் என்று எப்படிச் சொன்னீர்கள்? உங்கள் மூலிகை எனர்ஜி கேப்ஸ்யூல் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

உங்கள் மூலிகை எனர்ஜி கேப்ஸ்யூலை அப்பாவுக்காக வாங்கினேன். அவருக்கு யூரிக் ஆசிட் அதிகம், தினமும் ஃபெபக்சோஸ்டாட் 40 மி.கி. போடுகிறார், வீசிங்குக்குத் தியோஃபிலின் மாத்திரையும் உண்டு. ஆர்டர் போடும் முன்பே இரண்டு மருந்தின் பெயரையும் சொல்லி, இதோடு சாப்பிடலாமா என்று உங்கள் சாட்டில் கேட்டேன். "100% இயற்கை, பக்க விளைவே கிடையாது, எந்த இங்கிலீஷ் மருந்தோடும் எடுக்கலாம்" என்று பதில் வந்தது. ஸ்க்ரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

சாப்பிட ஆரம்பித்ததும் அப்பாவுக்குப் படபடப்பு, கை நடுக்கம், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. டப்பாவைக் கையோடு டாக்டரிடம் கொண்டுபோனோம். அதில் குவாரனா என்ற விதையின் பெயரைப் பார்த்ததுமே நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த விதையில் காப்பிக்கொட்டையைவிட அதிகமாகக் காஃபீன் இருக்கிறது, கூடவே கொஞ்சம் தியோஃபிலினும். அப்பா போடும் ஃபெபக்சோஸ்டாட், அதே வேலைக்கான இன்னொரு மருந்தான அலோபூரினால் இரண்டுமே சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுத்துத்தான் யூரிக் ஆசிட்டைக் குறைக்கின்றன, காஃபீனும் தியோஃபிலினும் உடம்பில் சிதைந்து வெளியேறும் வழியிலும் அதே நொதிக்கு வேலை உண்டு. போதாததற்குக் கல்லீரலில் காஃபீனும் தியோஃபிலினும் இன்னொரு நொதிக்கும் போட்டி போடுகின்றன, அதனால் தியோஃபிலின் வெளியேறாமல் உடம்பில் தேங்கலாம். தியோஃபிலின் ரத்தத்தில் அளவு மீறினால் வாந்தி, படபடப்பு, மோசமானால் வலிப்புகூட வரும். அதனால்தான் ஏற்கெனவே இந்த இரண்டு மாத்திரையையும் டாக்டர் கண்காணித்துக் கொடுத்துவருகிறார்.

அப்பாவுக்கு வந்தது வெறும் காஃபீனாலா, மருந்தோடு சேர்ந்ததாலா? காஃபீன் எவ்வளவு என்று தெரியாமல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். டப்பாவில் "எனர்ஜி பிளெண்ட்" என்று மொத்த எடை மட்டும்தான் இருக்கிறது. குவாரனா எவ்வளவு, கிரீன் டீ சாறு எவ்வளவு, காஃபீன் எத்தனை மி.கி., ஒன்றும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2016 ஊட்டச்சத்துப் பொருள் விதிகளின்படி, தெரிந்த பக்க விளைவுகளையும் மருந்துகளோடு ஏற்படும் வினைகளையும் லேபிளில் எச்சரிக்கையாகப் போட வேண்டும். அதையும் காணோம்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள், சரி, ஆனால் அது மட்டும் போதாது. ஒரு கேப்ஸ்யூலில் காஃபீன் எவ்வளவு என்று எழுத்தில் பதில் வேண்டும், அப்பாவின் டாக்டர் கேட்கிறார். லேபிளில் எச்சரிக்கை வரும்வரை விற்பனையை நிறுத்துங்கள். மருந்து பற்றிக் கேட்பவர்களிடம் டாக்டரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லும்படி உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவையுங்கள். இந்த வாரத்துக்குள் பதில் வரவில்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் இதே ஸ்க்ரீன்ஷாட்டோடு புகார் கொடுப்பேன்.