'சாகும் ஊர்' என்று சொல்லி அழைக்காதீர்கள்

இத்தாலியின் பான்யோரேஜோ நகராட்சியில் இருப்பவர்களுக்கு வணக்கம். தமிழில்தான் எழுதுகிறேன், யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் சரி.

உங்கள் பொறுப்பில் இருக்கும், பாறை உச்சியில் நிற்கும் சின்ன ஊரான சிவிதா பற்றிய விஷயம். சுற்றுலா நடத்துபவர்கள் எல்லோரும் அதை 'சாகும் ஊர்' என்றே விற்கிறார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, அடியில் களிமண், அந்தக் களிமண்ணை மழையும் ஓடையும் அரிக்க அரிக்க மேல்பாறை விரிசல் விட்டு, விளிம்பில் இருக்கும் வீட்டோடு சேர்ந்து சரிகிறது. கத்தோலிக்கப் புனிதரான பொனவெந்தூர் பிறந்த வீடே பள்ளத்தாக்குக்குள் போய்விட்டது.

ஆனால் சாவைக் காட்டிக் கூப்பிட்டால் வருகிறவன் சாவைத்தான் பார்ப்பான். நானும் அப்படித்தான் வந்தேன். 1965இல் கட்டிய நடைபாலத்தில் நின்று படம் எடுத்தேன், மூச்சு வாங்க ஏறினேன், மண்தரைச் சதுக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன், எதிரே சான் டொனாத்தோ கோவிலை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். அதுதான் ஒரு காலத்தில் ஆயரின் பேராலயம், 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு 1699இல் ஆயர் பீடம் பான்யோரேஜோவுக்கு மாறியது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டது.

அப்புறம் அதே கோவிலில் இருக்கும் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம்! 15ஆம் நூற்றாண்டு மரச் சிற்பம், இத்தாலியச் சிற்பி டொனாத்தெல்லோவின் பாணி வழி வந்தது என்கிறார்கள். 1499 கொள்ளைநோயின்போது ஒரு பக்தையிடம் பேசியதாக நம்பிக்கை. பெரிய வெள்ளியன்று அதைச் சிலுவையிலிருந்து இறக்கிப் பாடையில் கிடத்தி, பான்யோரேஜோ பவனிக்குத் தூக்கிப் போகிறார்கள். நள்ளிரவுக்குள் சிவிதாவுக்குத் திரும்பாவிட்டால் அது பான்யோரேஜோவுக்கே சொந்தமாகிவிடுமாம். யோசித்துப் பாருங்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே குடியிருக்கும் ஊர், பக்கத்து ஊரிடம் தன் சாமியை விட்டுக்கொடுக்காமல் வருஷா வருஷம் நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இதையா சாகும் ஊர் என்பது? ஜூனிலும் செப்டம்பரிலும் அதே சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் வேறு.

நுழைவுக் கட்டணத்தைக் குறை சொல்லவில்லை. 2013இல் ஒன்றரை யூரோவில் தொடங்கியது பிறகு ஐந்துக்கு ஏறியது, ஏறட்டும், பாறையைத் தாங்கிப் பிடிக்கப் பணம் வேண்டாமா? நான் கேட்பது சின்ன விஷயம். சீட்டு கொடுக்கும் இடத்தில், பாலத்தில் கால் வைப்பதற்கு முன்பே, அந்தச் சுரூபத்தின் படத்தையும் நள்ளிரவுக் கதையையும் பெரிதாக வையுங்கள், மண்சரிவுப் படம் இரண்டாவதாக இருக்கட்டும். கூடவே, பொனவெந்தூரின் கை எலும்பு பான்யோரேஜோவின் சான் நிக்கோலா பேராலயத்தில் இருக்கிறது என்று ஒரு வரி. அந்த வழியாகவே வந்துவிட்டு, அது தெரியாமல் பஸ் ஏறியவன் நான்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு மறுபடி வரலாம் என்றிருக்கிறேன். சுரூபம் திரும்பும் நேரத்தில் மட்டும், என்னைப் போலப் படம் எடுக்க நிற்பவர்களைப் பாலத்திலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எங்களால் நள்ளிரவு தாண்டிவிடப் போகிறது.