பரட்டை என்று சொன்னவள் எழுதுவது

கொலம்பஸ், ஜார்ஜியா
ஞாயிறு மத்தியானம்

என் கண்ணே,

போன வாரம் வீடியோவில் பேசும்போது நீ தொப்பியைக் கழற்றினாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. "என்னம்மா, பேச்சையே காணோம்?" என்றாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்க உனக்குப் பக்கத்துக்கு அரை மணி நேரமாவது ஆகும். அதுவும் நல்லதுதான். எழுத்துக்கூட்டுகிறவளுக்குக் கோபப்பட நேரம் இருக்காது.

ராணுவத்தில் இருக்கிற உன் தலையில் நான் பார்த்தது சடை. நம் பாஷையில் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாரிப் பின்னினாலும் சடைதான், தானாகத் திரிந்து கயிறு கயிறாகத் தொங்கினாலும் சடைதான். பாளையங்கோட்டையில் எங்கள் அம்மா தினமும் காலையில் எனக்கு இரட்டைச் சடை போட்டு, ரிப்பனை மடித்துக் கட்டி அனுப்புவாள். அதே அம்மா சடைமுடியோடு தெருவில் போகிற பரதேசியைக் கண்டால், "சடை பிடிச்சுப்போய் அலையுதான் பாரு" என்று முகத்தைச் சுளிப்பாள். போன ஞாயிறு எனக்குள் எழுந்து உட்கார்ந்தது அந்த அம்மாதான். அவள் பேசிவிடக் கூடாதென்றுதான் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் ஒரு தடவை பேசியிருக்கிறாள், என் வாயால். உனக்கு ஆறு வயது. பள்ளியில் போட்டோ எடுக்கிற நாள். நான் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்து, தூக்கக் கலக்கத்தோடு உன்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டேன். ஒரு கை தேங்காய் எண்ணெய், ஊரிலிருந்து கொண்டுவந்த நெருக்கமான பல் சீப்பு. உச்சியிலிருந்து இழுத்தேன். நீ கத்தினாய். சீப்பின் பல் இரண்டு ஒடிந்து உன் முடிக்குள்ளேயே நின்றது. "ஏட்டி, அசையாம இரு! பரட்டைத் தலையோட போட்டோவுல நிக்கப் போறியா?" என்றேன். உனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. சொன்ன விதம் தெரிந்திருக்கும். அந்தப் போட்டோ இன்னும் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. அதில் உன் கண் சிவந்திருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

உன் ஜார்ஜியா ஆச்சி அன்றைக்குச் சாயந்திரம் வந்து அந்தச் சீப்பை வாங்கிக் குப்பையில் போட்டார். முடியை நனை, பாகம் பாகமாகப் பிரித்துக் கிளிப் போடு, நுனியிலிருந்து மேலே வா, வேரைக் கையால் பிடித்துக்கொள், அகலப் பல் சீப்பைத் தவிர வேறெதையும் தொடாதே என்றார். மாமியாரிடம் நான் மருமகளாகக் கற்றுக்கொண்டது சமையலில்லை, இதுதான். பிடரியில் சுருண்டு கிடக்கிற குட்டி முடிக்கு அவரைப் போன்ற கறுப்பின அமெரிக்கர்கள் 'கிச்சன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "கிச்சனைச் சரிபண்ணினாயா?" என்று முதல்முதலாக அவர் கேட்டபோது, நான் போய் அடுப்படியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் உன் பதினோராம் வயதில் நான் அந்த வேலையைச் செய்தேன். முடியை நீட்டுகிற கிரீம். அதில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு. சிங்க் அடைப்பெடுக்கிற மருந்தில் இருப்பதும் அதுதான். நான் நர்ஸ், டப்பாவைப் படிக்கத் தெரிந்தவள். "எரியுதும்மா" என்றாய். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றேன். காதுக்குப் பின்னால் ஒரு வாரம் பொருக்கு இருந்தது. நீ இதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் 2014. நீ அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து இரண்டு வருஷம். மார்ச் கடைசியில் ராணுவம் 670-1 சீருடை விதியைத் திருத்தி வெளியிட்டது. அன்றைக்கு ராத்திரி நீ போனில் வாசித்துக் காட்டினாய். முறுக்கிவிட்ட முடி கூடாது. திரிந்து தொங்குகிற சடை கூடாது. பின்னல் போட்டால் ஒவ்வொன்றும் கால் அங்குலப் பருமனுக்குள். விக் மட்டும் இயற்கையாகத் தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம்! சொந்த முடி இயற்கையாக இருந்தால் குற்றம், வாங்கிய முடி இயற்கையாக இருந்தால் சரி. நீ சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, "முடிதானேட்டி, வெட்டிட்டு வேலையைப் பாரு" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

மறுநாள் நானே அதைத் தேடிப் படித்தேன். கூடாத முடியை வர்ணிக்க அவர்கள் இரண்டு சொல் போட்டிருந்தார்கள்: மேட்டட், அன்கெம்ப்ட். எனக்கு அகராதி தேவைப்படவில்லை. முதல் சொல்லுக்கு எங்கள் அம்மாவின் 'சடை பிடிச்சுப்போய்' இருக்கிறது, இரண்டாவதற்கு என்னுடையதே இருக்கிறது. பரட்டை. உன்னைப் போன்ற எத்தனையோ பேரைப் பார்த்து அரசாங்கம் முத்திரை போட்டுச் சொல்வதற்கு 15 வருஷம் முன்பே, அடுப்படி நாற்காலியில் வைத்து நான் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கும் எனக்கும் அன்றைக்குச் சண்டை. "சீருடை என்றால் எல்லாரும் ஒன்றுபோல இருக்கணும்" என்றார் அவர். ஹெல்மெட் பொருந்தணும், வாயு முகமூடி இறுகப் பிடிக்கணும் என்றால் அது நியாயம், நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் நீ சொன்னது நேர்மாறாக இருந்ததே. நேரான முடிக்காரிகளைப் போல இழுத்துக் கொண்டை போட்டால் உன் கொண்டை தேங்காய் அளவுக்கு நிற்கும். குப்புறப் படுத்துச் சுடும்போது அது பின்னால் முட்டி, ஹெல்மெட் கண்ணை மறைக்கும். தலையோடு ஒட்டி முறுக்கிவிட்டால்தான் ஹெல்மெட் உட்காரும். எது உட்காருமோ அதைத்தான் தடுத்திருந்தார்கள். எழுதியவர்கள் உன் மாதிரித் தலையில் ஹெல்மெட்டை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உன் தலை அவர்கள் நினைப்பிலேயே இல்லை. ஒன்றுபோல என்றால் யாரைப் போல என்று அப்பாவிடம் கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நம் ஜார்ஜியா தேசியக் காவற்படைப் பெண் ஒருத்தி தொடங்கிய மனுவில் 17,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்த 16 கறுப்பினப் பெண்கள் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகலுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆகஸ்டில் முறுக்குமுடிக்கு அனுமதி வந்தது, அந்த இரண்டு சொல்லும் விதியிலிருந்து போயின. சடைக்கு 2017 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெரீன் படைக்காரர்கள் 2015-லேயே விட்டார்கள். கடற்படை 2018-இல். அந்தக் கடற்படையில்தான் மருத்துவப் பிரிவில் 12 வருஷம் இருந்த ஒரு பெண்ணை, சடையை வெட்ட மாட்டேன் என்றதற்காக 2014-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு வருஷம் கழித்து அதே சடை சரியாகிவிட்டது. அவள் வேலையை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

"2017-லேயே அனுமதி வந்தாச்சே, இவள் ஏன் இத்தனை வருஷம் பொறுத்தாள்?" என்று நேற்று அப்பா கேட்டார். எனக்குப் புரிந்தது. சடை ஒரே நாளில் சடையாகாது. முதல் சில மாதம் அங்கங்கே பிசிறு நிற்கும், ஒன்று முறுக்கும், பக்கத்தில் ஒன்று அவிழும். வரிசையில் முன்னால் வந்து நிற்கிற அதிகாரி விதியைப் படித்தவனா, பரட்டை என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவனா என்று உனக்கு எப்படித் தெரியும்? பதவி உயர்வுக் குழுவுக்குப் போட்டோ அனுப்புவதைக்கூட 2020-இல்தான் நிறுத்தினார்கள். நீ பதவி உயர்வுப் பட்டியைச் சட்டையில் தைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு தலையைத் தொட்டிருக்கிறாய். பிழைக்கத் தெரிந்தவள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை உனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததில் எனக்குப் பெருமையில்லை.

அப்பா இப்போதெல்லாம் சீருடை ஒற்றுமை பற்றிப் பேசுவதில்லை. ராணுவத்தில் இருந்தபோது அவர் தாடை இருந்த நிலை உனக்கு ஞாபகம் இருக்கும். சுருட்டை முடியை ஒட்ட மழித்தால் நுனி திரும்பித் தோலுக்குள்ளேயே குத்தும். கொப்புளம், சீழ், கறுத்த தழும்பு. கறுப்பின ஆண்களிடம்தான் இது மிக அதிகம். காலையில் வெந்நீர்த் துணி, அழுகிய முட்டை நாற்றமடிக்கிற சவரப் பொடி, அப்புறம் மழிக்க வேண்டாம் என்று டாக்டர் கொடுத்த சீட்டு. ஒவ்வொரு புது மேலதிகாரிக்கும் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். போன வருஷம், 2025-இல், ஒரு வருஷ சிகிச்சைக்குப் பிறகும் மழிக்க முடியாதவர்களை வெளியே அனுப்பலாம் என்று உத்தரவு வந்தது. செய்தியைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். "பென்ஷன் வாங்கிட்டேன், தப்பிச்சேன்" என்றார். உன் தலைக்குத் திறந்த கதவு அப்பாவின் முகத்துக்குச் சாத்திக்கொண்டிருக்கிறது. திறந்தது அப்படியே திறந்திருக்கும் என்று நீயும் நினைத்துவிடாதே. விதி அச்சான பக்கத்தைப் போனில் வைத்துக்கொள்.

உன் சடை அழகாக இருக்கிறது. ஞாயிறே சொல்லியிருக்க வேண்டும். வலது பக்கம் காதோரம் ஒன்று மட்டும் மற்றதைவிடத் தடியாக இருக்கிறது, பார்த்துக்கொள். குறை சொல்லவில்லை, நர்ஸ் கண்.

என் கல்யாணப் பட்டு மடிப்பில் இற்றுவிட்டது. அதில் நல்லதாக மிஞ்சியதை வெட்டி உனக்கு ராத்திரி கட்டிக்கொள்ளத் தொப்பி தைக்கிறேன். பருத்தித் தலையணை முடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று ஆச்சி சொல்வார்கள். போன தடவை அனுப்பியது இறுக்கம் என்றாய். நெற்றியிலிருந்து பிடரி வரை சுற்றளவு அங்குலத்தில் எழுதி அனுப்பு, சடையைச் சேர்த்து அளந்து.

அம்மா