வர்க்கி தின்ற விரலோடு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கடிதத்தை எப்போதோ எழுதியிருக்க வேண்டும், பரீட்சைத் தாள், மழை, கரண்ட் இல்லை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் புள்ளி எழுத்துக் கருவி என் கைக்கு வந்து போன வாரத்தோடு ஒரு வருஷம். இனியும் தள்ளினால் என் அம்மாவே திட்டுவார்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர், கண் தெரியாது. கருவி ஒரு தடித்த டைரி அளவு இருக்கும். அதில் வரிசையாக 20 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எழும்பி இறங்கும் குட்டிக் குட்டி முனைகள். போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிற எழுத்து அங்கே புள்ளியாக எழும்பும், தடவிப் படித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால் சடசடவென்று அடுத்த வரி வரும். மெமரி கார்டில் புத்தகத்தை ஏற்றிவிட்டால் போன்கூட வேண்டாம்.

"போன்தான் பேசுதே டீச்சர், இது எதுக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்பது வேறு, படிப்பது வேறு. எங்கள் போன் குரலுக்குப் பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். பல வருஷம் காதால் மட்டுமே படித்ததில், தமிழ் டீச்சரான எனக்கே சில சொற்களில் எந்த ல, எந்த ன என்று சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது, இதை வெளியில் சொல்லிக்கொள்ளவும் முடியாது. பிரெயிலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இடது பக்கம் மூன்று புள்ளியும் எழுந்தால் ல, வலது பக்கம் மூன்றும் எழுந்தால் ள, ழ என்றால் ஐந்து புள்ளி. விரல் வைத்த உடனே தெரிந்துவிடும். ஒற்றெழுத்தின் புள்ளி தனிக் கட்டமாக முன்னாலேயே வந்துவிடும், 'மி'யில் வருகிற இகரத்துக்கும் தனிக் கட்டம், ஆக 'தமிழ்' என்று எழுத ஐந்து கட்டம். மேட்டுப்பாளையம் என்று எழுதிப் பாருங்கள், 20 கட்டத்தில் 15 தீர்ந்துவிடும்!

முதல் நன்றி, சமவெளியில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் என்னோடு ஒரே அறையில் கிடந்த தோழிகளுக்கு. ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு, எனக்குத் தெரியாமலே வாங்கி அனுப்பினார்கள். நாங்கள் படித்த காலத்தில் ஒரு வகுப்புத் தமிழ்ப் பாடமே பல தடித்த புத்தகங்களாக வரும், அதைச் சுமக்க இன்னொரு ஆள் வேண்டும். அதிலும் எங்கள் ஊர் ஐப்பசி மழைக்கு பிரெயில் தாள் அப்பளம் மாதிரி நமத்துப்போய்ப் புள்ளியெல்லாம் அமுங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செய்யுளின் பாதியை விரலாலும் மீதியை ஞாபகத்தாலும் நடத்தியிருக்கிறேன். இப்போது மொத்தப் பாடமும் ஒரு கார்டில், கைப்பையில்.

அடுத்தது குன்னூர்த் தம்பிக்கு. கருவி வந்த அன்று தமிழைத் தவிர என்னவெல்லாமோ எழும்பியது, தடவத் தடவ அழுகையே வந்துவிட்டது. கடையை மூடிவிட்டு ராத்திரி எட்டு மணிக்குப் பைக்கில் வந்து, கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று சொல்லும் பிரெயில் அட்டவணை ஆங்கிலத்தில் நிற்பதைக் கண்டுபிடித்துத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாயே தம்பி. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகக் கொண்டுவந்த பாரதி பிரெயில் என்று ஒன்று இருப்பதே உனக்கு அன்றைக்குத்தான் தெரியும் என்றாய். ஆனால் போகிறபோது என் விரலைப் பிடித்து உன் பெயரை எழுத்துக்கூட்டிக் காட்டச் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை.

மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டர் அண்ணாவுக்கும் ஒரு கும்பிடு. முன்பெல்லாம் வங்கியிலிருந்து ஓ.டி.பி. வந்தால் போன் அதை பஸ் முழுக்க ஒலிபரப்பும், ஒருமுறை பின் சீட்டுக்காரர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி உதவியே செய்தார். இயர்போன் மாட்டிக்கொண்டால் எந்த வளைவில் இருக்கிறோம் என்றே தெரியாது, மலை ரோட்டில் என் கண்ணே காதுதானே, இறங்கி நடக்கையில் காட்டெருமை நின்றால்கூடக் காதுதான் சொல்ல வேண்டும். இப்போது மடியில் வைத்துச் சத்தமில்லாமல் படிக்கிறேன், காது எனக்கே எனக்கு. அண்ணாதான் முதல் நாளிலிருந்து ஜன்னலோரச் சாரல் படாத அந்த உள் சீட்டை விட்டுத்தரச் சொல்லி மற்றவர்களிடம் சண்டை போடுகிறார்.

சரி, இப்போது அந்த மானம் போன கதை. ஜனவரியில் ஒரு காலை, வருகைப் பதிவு எடுக்கிறேன். கணிகண்டன் என்றேன். பதில் இல்லை. லவித்ரா? சிரிப்பு. அரண்யா? வகுப்பே உருண்டது. கருவியின் முதல் கட்டத்தில் வலது மேல் மூலைப் புள்ளி எழும்பவில்லை. அந்த ஒன்று போனால் ம எல்லாம் க, ப எல்லாம் ல, ச எல்லாம் அ. அன்று பாடத்தில் 'சட்டை' வரியின் முதலில் வந்து 'அட்டை' ஆனது. ரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் நானும் சந்தேகப்படாமல் வாசித்துத் தொலைத்தேன்.

பயத்தோடு மார்க்கெட் பக்கம் இருக்கிற செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். "அக்கா, தெரியாத பொருளை நான் திறக்க மாட்டேன், மேலே மட்டும் பார்க்கிறேன்" என்றார். மெல்லிய பிரஷ்ஷால் பத்து நிமிஷம் பொறுமையாகத் தட்டித் தட்டி எடுத்துவிட்டு, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். வர்க்கி! இடைவேளையில் டீயோடு எங்கள் ஊர் மொறுமொறு பலகாரமான வர்க்கியைத் தின்ற கையோடு நான் படித்ததுதான், அந்தத் தூளும் எண்ணெயும் ஓட்டைக்குள் இறங்கி முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே என் வீட்டுப் போன்கள் எல்லாம் இனி அவர் கடைக்குத்தான்.

எட்டாம் வகுப்புச் சரண்யாவின் அம்மாவுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். மார்கழிப் பனியில் விரல் மரத்துவிட்டால் புள்ளி எதுவும் தெரியாது, டீ டம்ளரைப் பிடித்துச் சூடேற்றிப் படிப்பேன், மறுபடி மரக்கும். அதை மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை பின்னி அனுப்பினார். மகளை அரண்யா ஆக்கியதற்குக் கோபமே இல்லையாம், வீட்டில் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

பிள்ளைகளே, கருவியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறீர்கள். ஸ்டாஃப் ரூமில் என் மேஜையில்தான் இருக்கும், தாராளமாக வாருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.