வாசல் பலகையில் வாழ்த்து எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். எந்த மதத்தாரின் பண்டிகை வந்தாலும் வாசல் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் மறக்காமல் வாழ்த்துப் போடுகிறீர்கள். அந்தப் பழக்கம் நிலைக்க வேண்டும் என்று விரும்பும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. வாழ்த்தில் நேரும் பிழைகளில் பாதி, அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்து எழுதுவதால் வருகிறது. அன்று விடுமுறை என்று பட்டியல் சொல்லும். அது சிரிக்கும் நாளா, அழும் நாளா என்று சொல்லாது.

‘இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்’ என்று பூங்கொத்துப் படத்தோடு ஆண்டுதோறும் ஓர் அட்டை சுற்றுகிறது. அன்று இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். கத்தோலிக்க ஆலயங்களில் அன்று திருப்பலியே கிடையாது. முந்தைய நாள் மாலை நின்றுபோன மணி, சனிக்கிழமை இரவு, உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா வழிபாட்டில்தான் மறுபடி ஒலிக்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் பலவற்றில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை, சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். துக்க வீட்டு வாசலில் நின்று யாராவது ‘இனிய’ என்பார்களா? அன்று பலகை வெறுமையாக இருக்கட்டும். ஞாயிறன்று மனதார ‘ஈஸ்டர் வாழ்த்துகள்’ எழுதுங்கள். கத்தோலிக்கர் அதை உயிர்ப்புப் பெருவிழா என்பார்கள். ஈஸ்டர் என்ற சொல் எல்லாச் சபையாருக்கும் பொருந்தும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் அப்படித்தான். பெயரில் திருநாள் இருக்கிறதே என்று வாழ்த்திவிட வேண்டாம். இறந்தவர்களின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் நாள் அது.

மொஹரம் விடுமுறையிலும் இதே சிக்கல். இஸ்லாமியப் புத்தாண்டு மொஹரம் முதல் பிறை. விடுமுறை விடுவது 10-ஆம் நாளான ஆஷூராவுக்கு. அன்று ‘புத்தாண்டு வாழ்த்துகள்’ என்று எழுதினால் ஒன்பது நாள் தாமதம் என்பதோடு முடிவதில்லை. கி.பி. 680-இல் கர்பலாவில் நபிகளாரின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட நாள் அது. ஷியா முஸ்லிம்கள் கறுப்பு உடுத்தித் துக்கம் காப்பார்கள். சுன்னத் ஜமாஅத்தார் பலர் 9, 10 இரு நாளும் நோன்பு வைப்பார்கள். இரு சாராருக்குமே அன்று வாழ்த்து தேவையில்லை.

பெருநாள் தேதிக்கு வருவோம். நோன்புப் பெருநாள் எந்த நாள் என்று காலண்டரில் அச்சடித்திருப்பது ஒரு கணிப்பு மட்டுமே. ரமலான் 29-ஆம் நாள் மக்ரிபுக்கு, அதாவது சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகைக்கு, பிறகு பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள். தென்படாவிட்டால் 30 நோன்பும் முடித்து அதற்கடுத்த நாள். எனவே அட்டையில் தேதி அச்சிடாதீர்கள். பிறை பார்த்து நாளை உறுதிசெய்யும் தலைமை காஜியின் அறிவிப்பு வந்த பிறகு பலகையில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பிறையை ஏற்று ஒரு நாள் முன்னதாகக் கொண்டாடும் குடும்பமும் உங்கள் வளாகத்தில் இருக்கலாம். இரண்டு நாளும் வாழ்த்தினால் யாருக்கும் குறைவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தத் தவிப்பு இல்லை. துல்ஹஜ் மாதப் பத்தாம் நாள் என்பதால், பிறை பார்த்ததுமே பத்து நாளுக்கு முன்னரே தேதி உறுதியாகிவிடும். நபிகளாரின் பிறந்தநாளான மீலாது நபிக்கு மட்டும் ஒரு வார்த்தை: அதைக் கொண்டாடாத முஸ்லிம்களும் உண்டு. தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பலகாரத்தில்தான் நல்ல மனது அதிகம் அடிபடுகிறது. தீபாவளி அதிரசத்தைச் சாமிக்குப் படைத்த தட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தால், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களில் பலரும் சாப்பிட மாட்டார்கள். மறுக்கவும் கூச்சம், உண்ணவும் சங்கடம் என்று அந்த டப்பா மேசையிலேயே கிடக்கும். வழி மிக எளிது. அடுப்பிலிருந்து இறக்கியதும், விளக்கேற்றுவதற்கு முன்பே அவர்கள் பங்கை வேறு டப்பாவில் எடுத்து மூடிவிடுங்கள். கொடுக்கும்போது ‘இது படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எடுத்து வைத்ததற்கே பயனில்லை.

கிறிஸ்துமஸ் கேக்கில் இரண்டு இடறல்கள். உலர்பழத்தை ரம்மில் ஊறவைப்பது பழைய வழக்கம். மதுவில் ஊறியதை முஸ்லிம்கள் தொடமாட்டார்கள், ‘சுடும்போது ஆவியாகிவிடும்’ என்ற சமாதானம் எடுபடாது. ஆரஞ்சுச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்தால் போதும். இரண்டாவது முட்டை. டிசம்பர் 25 ஐயப்ப மாலை போட்டிருப்பவர்களுக்கு விரத காலம். அந்த வீட்டுக்கு முட்டையில்லாத கேக்கோ வாழைப்பழச் சீப்போ போகட்டும். ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ வாங்கினால் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் சேரும் ஜெலட்டின் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. சமணர் வீட்டுக்குத் தேன் கலந்த எதுவும் வேண்டாம். இருட்டிய பிறகு உண்ணாதவர்கள் அவர்களில் உண்டு என்பதால் பகலிலேயே கொடுத்துவிடுங்கள். தீபாவளி அவர்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள் என்பதையும் பலகை எழுதுபவர் அறிந்திருந்தால் அழகு. ஹஜ்ஜுப் பெருநாளில் பலியிட்ட குர்பானி இறைச்சியைப் பங்கிடுபவர்களும் பக்கத்து வீட்டில் முதலில் கேட்டுவிடுங்கள். அசைவக்காரர் என்று நமக்குத் தெரிந்தவர்கூடப் புரட்டாசியிலும் ஆடி விரதத்திலும் தொடமாட்டார்.

அட்டை வடிவமைப்பவருக்கு: நபிகளாரை எந்த உருவிலும் வரையக்கூடாது, கணினி தானே வரைந்து தரும் படத்திலும் மனித உருவம் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். அரபியை ஒட்டும்போது சில மென்பொருள்களில் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். இணைந்து எழுத வேண்டிய எழுத்துகள் உடைந்து நிற்பது, படிக்கத் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். தமிழில் ‘பெருநாள் வாழ்த்துகள்’ என்றாலே நிறைவுதான். இறைப்பெயரைக் காகிதத் தட்டிலும் கைதுடைக்கும் தாளிலும் அச்சிட வேண்டாம், அது குப்பைக்குப் போகும். வாசல் கோலத்தில் சிலுவையோ ஓமோ போட்டு மிதிபட விடவும் வேண்டாம்.

பதில் வாழ்த்து வராத வீடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கிறிஸ்துமஸ் கொண்டாடாத கிறிஸ்தவச் சபைகள் இருக்கின்றன. யெகோவாவின் சாட்சிகள் அப்படி. பிற மதப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லக்கூடாது என்று கருதும் மார்க்கப் பற்றாளர்களும் உண்டு. அதை விரோதம் என்று எண்ண வேண்டாம். ஆயுத பூஜையில் பொட்டு வைத்துக்கொள்ளவும் கேரல் பாட்டுக்குக் கைதட்டவும் யாரையும் நெருக்காதீர்கள். பண்டிகைச் சந்தாவைப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்க்காமல் தனி ரசீதாக, விருப்பப்பட்டவரிடம் மட்டும் வாங்குங்கள்.

இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஜனவரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். உங்களுக்கு எந்த நாட்களில் வாழ்த்தலாம், எந்த நாளில் வேண்டாம், உணவில் எதைத் தவிர்க்கிறீர்கள் என்ற மூன்றே கேள்வி. பதில் எழுதுவது அவரவர் விருப்பம். வந்த தாள்களைக் கோப்பில் போட்டு, பலகை எழுதுபவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். படிவத்தை எழுதித் தரவும், அட்டைகளை முன்கூட்டிப் பார்த்துத் திருத்தித் தரவும் நாங்கள் தயார்.

அன்புடன்,
மும்மதக் குடும்பங்கள் சில